மூணு சேலை நீளம்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வெச்சுக்கறீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. அது ஹோஸுங்க. மிதிச்சு நெளிஞ்சு போச்சுன்னா நெளிஞ்ச எடத்துல அடைச்சுக்கும். கக்கூஸ் தண்ணி போற ஹோஸு. ஐயோ, அதுக்காகக் காலை மேல தூக்காதீங்க, புதுசுதான். இப்பத்தான் தாராபுரத்துல வாங்கீட்டு வர்றேன். அந்தப் பையில இருக்கறது கல்லுப்பு. பக்கத்துல மூட்டையில அடுப்புக்கரி. துணி சுத்தியிருக்கறது கம்பி. கண்டக்டர் மூஞ்சியப் பாத்தீங்கல்ல? கக்கூஸ் ஹோஸு, உப்பு, கரி, கம்பின்னு ஒருத்தன் ஏறுனா அவருதான் என்ன நெனப்பாரு. லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டாரு. போடட்டும். சண்டை போடத் தெம்பில்லீங்க.

நீங்க மூலனூருங்களா? நான் அதுக்கு முன்னால மில் ஸ்டாப்புல எறங்கோணும். தூங்கிட்டேன்னா எழுப்பி விடுங்க. மூணு நாளா சரியாத் தூக்கமில்லை.

என்ற பேரு சென்னியப்பன். பெருந்துறை. கரண்ட் ஆபீஸ்ல ஒயர்மேனாச் சேந்து போர்மேனா ரிட்டயர் ஆனவன். முப்பத்திநாலு வருசம் கம்பத்துலயும் வெயில்லயும் போச்சு. இந்த வருசம் ஒரு வண்டி வீடு செஞ்சேனுங்க. கேரவன்ம்பாங்களே, அது. சினிமாக்காரங்களோடது தானா ஓடும். என்றது ஓடாது, ஜீப்புக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போகோணும். கரூர்ல பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறையில சொல்லிச் செஞ்சது. உள்ளார ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பேன், ஒருத்தன் ஒக்காந்து எந்திரிக்கற அளவுக்கு ஒரு கக்கூஸ். அடியில ரெண்டு டேங்க்கு. ஒண்ணு நல்ல தண்ணி, ஒண்ணு மத்தது.

எதுக்குன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஊரு சுத்தறதுக்குத்தான். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, அப்படியே மேல ஹம்பி வரைக்கும் போலாம்னு. ரிட்டயர் ஆனவன் ஊரு சுத்தக் கூடாதா? லாட்ஜுக்குப் போனா பாத்ரூம் நல்லா இருக்காது. நம்ம கட்டில், நம்ம கக்கூஸ், நம்ம தண்ணி. யாரு வீட்டு வாசல்லயும் போயி நிக்க வேண்டியதில்லை பாருங்க.

பாடி கட்டற வேலையெல்லாம் பட்டறைக்காரங்களே பாத்துக்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சு பெயிண்டும் அடிச்சாச்சு. அப்பப் போயி பட்டறைக்காரரு ஒரு சங்கதி கேட்டாரு. "ஐயா, நிறுத்தற எடத்துல கரண்ட் எடுக்கற வயரும் கக்கூஸ் டேங்க்கைக் காலி பண்ற ஹோஸும் உங்க பொறுப்பு. எத்தனை மீட்டர்னு சொன்னீங்கன்னா நான் வாய் மட்டும் மாட்டித் தர்றேன்"னாரு. எவ்வளவு வேணும்னு அவரையே கேட்டேன். "நீங்க எங்க கொண்டு போயி நிறுத்தறீங்களோ அதைப் பொறுத்துங்க"ன்னாரு. நான் எங்க வேணும்னாலும் நிறுத்துவேன்னேன். "செரிங்க, மொதல்ல எங்க?"ன்னாரு.

மூலனூருன்னு வாயில வந்துருச்சுங்க.

ராமேஸ்வரம் போற வழிதானுங்களே. ஏனுங்க சிரிக்கறீங்க? கொஞ்சம் சுத்து வழி. இருந்தா என்ன.

மூலனூர்ல, அதான் மில் ஸ்டாப்புல, என்ற பொண்ணு இருக்கறா. சுகந்தி. ஒரே பொண்ணு. ஆறு வருசமாப் போக்குவரத்து இல்லை. அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. பையன் வேற ஆளுக. நான் அந்த மாதிரியெல்லாம் பாக்கற ஆளில்லீங்க. சர்வீஸ்ல எல்லாரு வீட்டுக்குள்ளயும் போயி வேலை செஞ்சிருக்கறேன். ஆனா சொந்தபந்தம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா, நாலு பேரு கேப்பாங்கல்ல. மாலையும் கழுத்துமாப் போலீஸ் ஸ்டேசன்ல வந்து நின்னா. அந்தப் பையன் பக்கத்துல நிக்கறான். அத்தனை பேருக்கு முன்னால நான் சொன்னேனுங்க: "இனி உன்ற வீட்டு வாசப்படியை மிதிச்சா நான் சென்னியப்பன் இல்லை. உன்ற வீட்டுப் பச்சத்தண்ணி என்ற பல்லுல படாது." இன்ஸ்பெக்டர் அம்மாகூட "பெரியவரே, அப்படியெல்லாம் சொல்லாதீங்க"ன்னாங்க. சொன்னது சொன்னதுதான். ஆறு வருசம் காப்பாத்தீட்டேன். எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லீங்க. சொல்லீட்டேன், அவ்வளவுதான்.

நாலு மாசத்துக்கு முன்னால போன் வந்துச்சு. எனக்கில்லை, என்ற சம்சாரத்துக்கு. ருக்குமணின்னு பேரு. பொண்ணு முழுகாம இருக்கறா, நஞ்சுக்கொடி கீழ எறங்கியிருக்குதாம், படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்களாம். ஆறு வருசம் கழிச்சுத் தங்குன கரு. ருக்குமணி போனை வெச்சா, பெட்டியை எடுத்தா. நான் ஈசிசேர்ல ஒக்காந்து பேப்பர் பாத்துட்டு இருக்கறேன். "நாம சத்தியம் பண்ணியிருக்கறோம்"னேன். "சத்தியம் நீங்க பண்ணுனீங்க. நான் பண்ணலை"ன்னா. புளிசாதம் கிளறி மூடி வெச்சுட்டுப் பஸ் ஏறிட்டா. முப்பத்தி மூணு வருசத்துல அவ என்னை எதுத்துப் பேசுனது அன்னைக்குத்தானுங்க.

அந்தப் புளிசாதம் ரெண்டு நாள் வந்துச்சு. அப்புறம் மெஸ்ஸுதான். மெஸ் சாப்பாடு பத்தி என்னத்தைச் சொல்றது. ரசத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியோணும்னா கரண்டியைத்தான் பாக்கோணும். நான் குறையாச் சொல்லலை. வீட்டுல பேச ஆளில்லை. டிவி பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு ஒக்காந்திருப்பேன். சாயங்காலம் ஆச்சுன்னா என்னத்துக்கு லைட்டு போடறதுன்னு இருக்கும். லைட்டு போடற உத்தியோகத்துலயே இருந்தவன் பாருங்க.

அப்பத்தான் இந்த வண்டி யோசனை வந்துச்சு. ராமேஸ்வரம் போலாம்னு.

செரி, வயரு சங்கதிக்கு வர்றேன். வயரு விசயத்துல என்னை ஒருத்தனும் ஏமாத்த முடியாதுங்க. கடைக்காரன் ரெண்டு கோர் வயரை, உள்ளார ரெண்டே கம்பி ஓடறதை, எடுத்துப் போடறான், "இது போதுங்க, எல்லாரும் இதான் வாங்கறாங்க"ங்கறான். ரெண்டு கோர்ல எர்த்து எங்கப்பா போகும்? மூணு கோர் காப்பர் எடுறான்னேன். அதுலயும் ரெண்டரை எம்எம் காட்டறான். நாலு எம்எம் எடுன்னேன். தூரம் போகப் போகக் கரண்டு சொணங்கும், வயரு சூடாகும், சுருட்டி வெச்ச வாக்குல மாட்டி விட்டா உருகிப் போகும். பதினஞ்சு ஆம்பியர் பிளக்கு, பித்தளை முள்ளு. மேல ரப்பர் ஒறை தடிமனா இருக்கோணும், ரோட்டோரம் கெடக்கறது, நாய் கடிக்கும், எலி கடிக்கும். இருபது மீட்டர் வாங்கினேன். ஆசையா இருந்துச்சுங்க அதைக் கையில புடிக்கறதுக்கு.

ஹோஸுதான் தெரியலை. அது நம்ம தொழில் இல்லை பாருங்க. நாலு கடை ஏறி எறங்கினேன். மொதக் கடையில நீலக் கலர் டியூபு காட்டுனான், தோட்டத்துல தண்ணி கட்டுவாங்களே, சப்பையா மடிச்சு வெப்பாங்களே, அது. மோட்டார் தள்ளுனாத்தான் அது உருண்டையாகும். கக்கூஸ்ல மோட்டாரா வெச்சிருக்கறோம்? சும்மா ஊத்துனா சப்பையாவே கெடக்கும். ரெண்டாவது கடையில செப்டிக் டேங்க் லாரிக்காரங்க வெக்கற கருப்பு ஹோஸு. ஒரு ஆளால தூக்க முடியாது, எனக்கு முட்டி வலி வேற. கடைசீல பச்சை ஹோஸு, கெணத்து மோட்டாருக்கு உறிஞ்சறதுக்குப் போடுவாங்களே, வெள்ளைக் கம்பி சுத்துன மாதிரி இருக்கும். அதுலயும் உள்ளார வரி வரியா இருந்தா வேண்டாம், வழுவழுன்னு இருக்கோணும், இல்லீன்னா தங்கீரும். கடைக்காரன் என்ற மூஞ்சியப் பாக்கறான், நான் கையை உள்ளார விட்டுத் தடவிப் பாத்துட்டு இருக்கறேன். மூணு இஞ்சு. அளவு எவ்வளவுன்னான்.

அளவுக்கு நான் எங்க போறது? அந்த வீட்டை நான் பாத்ததே இல்லை. ருக்குமணிக்குப் போன் பண்ணினேன். நம்ம வண்டி ராமேஸ்வரம் போறப்ப ஒரு நாள் அங்க ரோட்டுல நிக்கும், செப்டிக் டேங்க்கு கேட்டுல இருந்து எத்தனை தூரம்னு கேட்டேன். "டேப்பு இல்லீங்க, சேலையில அளந்து சொல்றேன்"னா. அரை மணி நேரத்துல போன் வந்துச்சு. "கேட்டுல இருந்து டேங்க் மூடி வரைக்கும் செரியா மூணு சேலை நீளம்." பிளக்கு எங்கன்னு கேட்டேன். "போர்டிகோவுல ஒண்ணு இருக்குது, அது ரெண்டு சேலை"ன்னா.

ஏனுங்க சிரிக்கறீங்க? சேலை நல்ல அளவுங்க. அஞ்சரை மீட்டர், மாறாது. அவ கட்டற சேலையெல்லாம் நான் எடுத்ததுதான். முப்பத்தி மூணு வருசமா நான்தான் எடுக்கறேன், ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே கடை. நூல் சேலை, ஜாக்கெட் துணி ஒட்டாதது, அஞ்சரை மீட்டர். மூணு சேலைன்னா பதினாறரை. கணக்கு செரிதானுங்களே? பதினாறரைக்குச் செரியா வெட்டித் தரச் சொன்னேன். மிச்சம் விட்டா சுருண்டு தொங்கும், தொங்குன எடத்துல தேங்கும்.

முந்தாநேத்து விடியறப்பவே வந்து சேந்தோம். தங்கச்சி மகன் ஜீப்புல இழுத்துட்டு வந்து, கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்தடியில விட்டுட்டுப் போயிட்டான். நான் கேட்டுக்கு உள்ளார போகலை. ரோட்டுல நின்னுக்கிட்டே எல்லாம் பாத்துக்கிட்டேன். நல்லவேளை ரோடு மேட்டுல, வீடு பள்ளத்துல. ரோட்டை மேல மேல போட்டுப் போட்டு எல்லா ஊர்லயும் வீடெல்லாம் பள்ளத்துல போயிருச்சு. தண்ணி தானா எறங்கிக்கும். ஹோஸை அந்தப் பையன் புடிச்சு இழுத்துட்டுப் போறான். "மாமா, எட்டலீங்க மாமா"ங்கறான். நான் அவன்கிட்டப் பேசறதில்லை. ருக்குமணி, இன்னும் நல்லா இழுக்கச் சொல்லுன்னேன். இழுத்துப் பாத்தாச்சு. ஏழடிக்கு மேல பத்தலை.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். முப்பத்தி மூணு வருசம் குடும்பம் பண்ணி ஒரு அளவு செரியாச் சொல்லத் தெரியலையான்னு கத்தினேன். அவ கேட்டுக்கு வந்தா. இதே சேலையிலதான் அளந்தேன், செரியா மூணுங்கறா. அப்பத்தான் சேலையைப் பாத்தேனுங்க. மயில்கழுத்துக் கலரு. நான் எடுத்ததில்லை. முந்தானைக்கு அந்தப் பக்கம் ஜாக்கெட் துணி ஒட்டிக்கிட்டே இருக்குது, வெட்டவே இல்லை. அது ஆறேகால் மீட்டரு. மூணு தடவைக்கு முக்கா முக்கா மீட்டராக் கூடிப் போச்சு. "இது எப்ப எடுத்தது?"ன்னேன். "தீபாவளிக்கு. அவரு எடுத்துக் குடுத்தாரு"ன்னா. அந்தப் பையனை அவருங்கறா. தீபாவளி அன்னைக்கு நான் பெருந்துறையில மெஸ்ஸுல ரெண்டு இட்லி தின்னுட்டுப் படுத்திருந்தேன். அவளுக்கு நான் எடுத்த சேலை இன்னும் பீரோவுல கவரோடதான் இருக்குது, வாங்கிட்டுப் போகவே இல்லை.

அதைக் கேட்டு என்ன ஆகப் போகுது? அளவு தப்பினது எப்படின்னு தெரிஞ்சு போச்சு. வேணும்னா அந்தக் கலரு அவளுக்கு நல்லா இருந்துச்சுன்னு சொல்லலாம்.

ஆக ஹோஸு எட்டலை. வண்டிக்குள்ள கக்கூஸ் இருக்குது, டேங்க்கு ரொம்பிருமேன்னு போக பயம். அந்தப் பையன் ருக்குமணிகிட்டச் சொல்றான், எனக்குக் காது கேக்கற மாதிரி: "கேட்டை நல்லாத் தொறந்து வெக்கறேன். வண்டியை ஏழெட்டடி உள்ளார தள்ளுனா எட்டிருமுங்க அத்தை." சக்கரம்தானே மிதிக்குது, கால் இல்லையேன்னு ஒரு நிமிசம் எனக்கே தோணுச்சு. அப்புறம் வேண்டாம்னுட்டேன். மூணு நாளாக் காலையில எந்திரிச்சு முக்காக் கிலோமீட்டர் நடந்து பெட்ரோல் பங்க் போறேன். அங்க இருக்கற தம்பி இப்ப என்னைப் பாத்தாலே சாவியை நீட்டறான். அறுபத்தி ரெண்டு வயசுல, சொந்தமாக் கக்கூஸ் செஞ்சுட்டு வந்தவன் நெலமை.

தண்ணியா? தண்ணிக்குப் பிரச்சினை இல்லீங்க. அவங்க போர்டிகோப் பைப்புல டியூபைச் சொருகி டேங்க்கை ரொப்பியாச்சு. அதுல காபி வெச்சுக்கறேன், கஞ்சி வெச்சுக்கறேன். என்னுங்க? இல்லீங்க, அது எப்படி அவங்க தண்ணியாகும்? என்ற டேங்க்குக்குள்ள வந்தாச்சுல்ல. போர்த் தண்ணிதானே, நிலத்துக்கு அடியில ஓடறது யாரோடதும் இல்லை. நீங்க சிரிக்கறதைப் பாத்தா ருக்குமணி சிரிச்ச மாதிரியே இருக்குது. அவளும் இப்படித்தான் வாயைப் பொத்திக்கிட்டா.

சிரிப்பெல்லாம் நேத்துக் காலையோட போச்சுங்க.

ஹோஸு பத்தலைன்னதும் நான் வயரைப் பாக்கலை. மொத நாள் பூரா ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டுப் பேன் இல்லாம ஒக்காந்திருந்தேன். நேத்துக் காலையில, வயராச்சும் எட்டுதான்னு பாக்கலாம்னு முனையை உள்ளார குடுத்தேன். அந்தப் பையன் போர்டிகோவுல மாட்டி சுவிட்சைப் போட்டான். வயரு நல்லா எட்டுச்சு, மிச்சமே இருந்துச்சு. நான் அப்படியே வண்டியில மாட்டற ஆளில்லை. எங்க போனாலும் பையில டெஸ்ட் லேம்ப்பு இருக்கும். ஒரு ஹோல்டரு, ஒரு குண்டு பல்பு, ரெண்டு வயரு, அவ்வளவுதான். ஒரு வயரைக் கரண்டு வர்ற எடத்துலயும் இன்னொண்ணை நூட்ரல்லயும் வெச்சேன். எரிஞ்சுது. நூட்ரல்ல இருந்து எடுத்து எர்த்துல வெச்சேன்.

எரியலீங்க.

சுரண்டிட்டு மறுபடி வெச்சேன். வயரை மாத்தி வெச்சேன். சுத்தமா எரியலை. கொஞ்சமாச்சும் மினுக்குனா எங்கயோ லூசுன்னு சொல்லலாம். ஒண்ணுமே இல்லை. என்ற வயருல தப்பு இருக்காது, நான் பாத்து வாங்குனது. அந்த வீட்டுலதான் எர்த்து இல்லை. முள்ளு மூணு இருக்குது, ஓட்டை மூணு இருக்குது, உள்ளார மூணாவது வயரு எங்கயும் போயிச் சேரலை. வீடு கட்டுனவன் பேருக்குக் குழி தோண்டி மூடியிருப்பான்.

உங்களுக்கு இது சாதாரணமாத் தெரியும். எர்த்து இல்லாமயே பல்பு எரியும், டிவி ஓடும், பத்து வருசம் ஒண்ணும் ஆகாது. ஒரு நாளைக்கு உள்ளார எங்கயோ ஒரு வயரு தேஞ்சு தகரத்துல படும். அன்னைக்கு ஈரக் கையோட தொடறவங்க தலையில போயி விடியும். சென்னிமலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருக்கறேன் சர்வீஸ்ல. கல்யாணம் ஆகி ஆறு மாசம் அந்தப் புள்ளைக்கு. கிரைண்டர் கழுவிட்டு இருந்திருக்குது. நாங்க போறப்ப மாவு அப்படியே கையில காஞ்சு போயிக் கெடந்துச்சு. நான்தான் ரிப்போர்ட் எழுதினேன். எர்த் இல்லைன்னு ஒத்தை வரி. அந்த மாவு கையை நான் இன்னைக்கும் மறக்கலீங்க.

நான் வயரைக் கையில புடிச்சுட்டு ரோட்டுல நிக்கறேன். ருக்குமணி கேட்டுக்குப் பக்கத்துல தொவைச்ச துணி காயப் போட்டுட்டு இருக்கறா. உள்ளார தண்ணி விழுகற சத்தம் கேக்குது. யாரு குளிக்கறதுன்னேன். "சுகந்திதான். வாரத்துல ரெண்டு நாள் ஸ்டூல் போட்டு ஒக்காந்து குளிச்சுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்கறாங்க. ஹீட்டர் இப்பத்தான் போட்டேன்"னா.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கே செரியாத் தெரியலை. "சுகந்தி, தண்ணியைத் தொடாதே!"ன்னு கத்தீட்டேன். தெருவே கேட்டுச்சு. எதுத்த வீட்டுக்காரரு பல்லு வெளக்கிட்டு இருந்தவரு பிரசோட வெளிய வந்துட்டாரு. "சுகந்தி, பைப்பைத் தொடாதே, கண்ணு, அப்படியே இரு, எதையும் தொடாதே!" கேட்டு கம்பியைப் புடிச்சுட்டு கத்தறேன். அந்தப் பையன் உள்ளார ஓடிப் போயி மெயினையே ஆப் பண்ணீட்டான். பேன், மோட்டார் எல்லாம் நின்னுச்சு. ஒரு சத்தமும் இல்லை.

பாத்ரூம் ஜன்னல்ல இருந்து குரல் வந்துச்சு. "சரிங்கப்பா"ன்னா.

அவ்வளவுதான். "சரிங்கப்பா." எதுக்கு, ஏன்னு கேக்கலை. ஆறு வருசமா அப்பான்னு கூப்பிடாதவ மாதிரியே இல்லை. சின்ன வயசுல சைக்கிள் ஓட்டறப்ப ஓரமாப் போன்னு சொல்லுவேன், அப்பச் சொல்லுவாளே, அதே மாதிரி.

நான் அவகிட்டப் பேசலீங்க. அதைச் சொல்லோணும். அது எச்சரிக்கை. கம்பி அறுந்து கெடந்தா ரோட்டுல போறவன் யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வோம். அது பேச்சுல சேராது. ருக்குமணியும் கேட்டா, பேசீட்டீங்களான்னு. இல்லை, எச்சரிக்கைன்னேன். அவ கண்ணைத் தொடைச்சுட்டுத் துணியை எடுத்துட்டு உள்ளார போயிட்டா. அழுகறதுக்கு என்ன இருக்குது அதுல?

நான் வண்டிக்குள்ள போயி ஒக்காந்தேன். இத்தனை நாளா அந்த வீட்டுல அப்படித்தானே குளிச்சிருக்கறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த ஹீட்டர் தேஞ்சிருந்தா? நான் பெருந்துறையில மெஸ்ஸுக்குப் போயிட்டு இருந்திருப்பேன். யாரோ போன் பண்ணியிருப்பாங்க. பயமா இருந்துச்சுங்க. இப்பவும் பயமாத்தான் இருக்குது, சொல்றதுக்கு என்ன.

அந்தப் பையன் வண்டிக்கிட்ட வந்து நிக்கறான். "எலக்ட்ரீசியனை வரச் சொல்லட்டுங்களா மாமா?"ங்கறான். எவன், இந்த ஒயரிங் பண்ணுனானே அவனையா? அவன் வந்தா ரெண்டு வயரை முறுக்கி டேப்பு சுத்தீட்டு எர்த்து குடுத்தாச்சும்பான். வேண்டாம். நான் பண்றேன்னேன். அதுவும் பேச்சில்லை, தொழில் விசயம். மெயினைப் போட்டுக்க, பேனு லைட்டு மட்டும் ஓடட்டும். ஹீட்டர், கிரைண்டர், வாசிங் மெசின் எல்லாத்துலயும் பிளக்கைப் புடுங்கி வெய்யி. சுடுதண்ணி அடுப்புல காய வெச்சுக் குடுங்கன்னு சொல்லீட்டேன்.

அதான் இந்த உப்பும் கரியும். ஆழமாக் குழி தோண்டி, கம்பியை நட்டு, ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை கரின்னு போட்டு, தண்ணி ஊத்தோணும். அப்பத்தான் பூமி கரண்டை வாங்கிக்கும். இப்பப் பவுடரெல்லாம் வந்துருச்சு, நமக்கு இதான் பழக்கம். பத்தாத ஏழெட்டடிக்கு இந்த ஹோஸுத் துண்டு, வந்த கையோட வாங்குனது. கடைக்காரன் ஹோஸையும் கம்பியையும் ஒரே கயித்துல கட்டித் தர்றேங்கறான்.

குழி வெளிய தோண்டிக்கலாம், காம்பவுண்டு ஓரமா. அதுல சங்கடம் இல்லை. ஆனா குழியில இருந்து வயரு மெயின் போர்டுக்குப் போகோணும். மெயின் போர்டு ஹால்ல இருக்குதாம். அதோட முடியாது. அங்கிருந்து ரூம் ரூமாப் போயி ஒவ்வொரு பிளக்கையும் கழட்டி, மூணாவது வயரு வந்து சேருதான்னு பல்பு வெச்சுப் பாக்கோணும். சமையல்கட்டு, பாத்ரூம், எல்லாம். அவ படுத்திருக்கற ரூம்ல ரெண்டு பிளக்கு இருக்குதாம். ஒண்ணு கட்டில் தலைமாட்டுலயே. போன் சார்ஜ் போடறது. டாக்டரம்மா இன்னும் மூணு வாரம்னு சொல்லியிருக்கறாங்க. பொறந்த குழந்தைக்கு எந்நேரமும் சுடுதண்ணி வேணும்.

டூட்டிக்குப் போறவன் வாசப்படி மிதிச்சா அது மிதிச்சதுல சேராதுங்க. இல்லீங்களா? சர்வீஸ்ல எத்தனை வீடு. வாசல்ல நின்னு "அம்மா, கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கறோம்"னு ஒரு குரல் குடுப்போம், உள்ளார போவோம், வேலையை முடிப்போம், வருவோம். நீ யாரு எவருன்னு அவங்களும் கேக்கறதில்லை, நாமளும் கேக்கறதில்லை. தண்ணி குடுத்தாக் குடிப்போம், இல்லீன்னா இல்லை. அப்படித்தான் போயிட்டு வரோணும்னு இருக்கறேன். தாராபுரத்துல இருந்து அதையேதான் யோசிச்சுட்டு வர்றேன்.

ஒரே ஒரு குழப்பம்தான். நீங்க வெளியாளு, உங்களைக் கேக்கறேன். செருப்பு.

டூட்டியில நாங்க செருப்பைக் கழட்ட மாட்டோம். போர்டுல கை வெக்கறப்ப ரப்பர் செருப்பு கால்ல இருக்கோணும், அது கட்டாயம். எந்த வீடா இருந்தாலும், பூஜை ரூமுக்குப் பக்கத்துல போர்டு இருந்தாக்கூட, "மன்னிச்சுக்கங்க அம்மா, வேலைக்கு வேணும்"னு சொல்லீட்டுச் செருப்போடதான் போவோம். அப்படிப் போனா நான் டூட்டிக்குப் போனேன். நாலு பேரு கேட்டாலும் சொல்லிக்கலாம். கழட்டி வெளிய வெச்சுட்டுப் போனேன்னா, அது என்ன, சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிரும். வாசல்ல என்ற செருப்பு கெடந்தா அந்தத் தெருவே பாக்கும். ருக்குமணி பாப்பா. ஆனா படுத்துக் கெடக்கற புள்ளை ரூமுக்குள்ள, நாளைக்குக் குழந்தை கெடக்கப் போற ரூமுக்குள்ள, பெட்ரோல் பங்க் கக்கூஸ் மிதிச்ச செருப்போட எப்படிங்க போறது?

செரி, உங்களுக்கு என்ன வந்துச்சு.

மில் ஸ்டாப்பு வந்துருச்சுங்களா? அட, பேசிட்டே வந்ததுல தெரியலை. இருங்க, இருங்க கண்டக்டரே, லக்கேஜ் இருக்குது, விசில் குடுத்துறாதீங்க. அந்தா, மரத்தடியில டிவிஎஸ் வெச்சுட்டு நிக்கறது எங்க மாப்ளைதான். நான் வரச் சொல்லலை. எந்த பஸ்ஸுன்னு தெரியாம எத்தனை நேரமா நிக்கறாரோ, வெயில்ல. மாப்ளை, இந்தக் கம்பியைப் புடிங்க. பாத்து, முனை கூரு. ஹோஸை மடிக்காதீங்க.

அந்த உப்புப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வர்றேனுங்க.

மெயினை ஆப் பண்ணீட்டு வேலை செஞ்சா செருப்பு வேண்டியதில்லீங்க. ஆப் பண்ணீட்டே செய்யறேன்.